பெயர் சொன்னதும் ஏறும் செருகுநிரல்: லாக்4ஜே நிகழ்வு ஆய்வு

2021 டிசம்பர் இரண்டாம் வாரத்தில், ஜாவா சேவையகங்களைப் பராமரித்துவந்த எண்ணற்றோர் ஒரே வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். செயலிகள் தம் நிகழ்வுகளைப் பதிவாக எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலகத்தின் மையமான லாக்4ஜே-கோர் என்ற ஜார் கோப்பைத் (தொகுத்த ஜாவா வகுப்புகளின் கட்டு) தேடிப் பிடித்து, அதற்குள் இருந்த நூற்றுக்கணக்கான வகுப்புக் கோப்புகளில் ஜேஎன்டிஐ-லுக்கப் என்ற ஒன்றை மட்டும் ஒரு வரிக் கட்டளையால் நீக்கினார்கள். பிறகு சேவையை மறுதொடக்கம் செய்தார்கள். மூல நிரலை யாரும் தொடவில்லை. மறுபடி தொகுக்கவும் இல்லை. உடனே புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்கு அப்பாச்சி அறக்கட்டளையின் பாதுகாப்பு அறிவிப்பே இந்த வழியைச் சொல்லியிருந்தது. வகுப்பு போன பிறகும் சேவைகள் வழக்கம்போல் ஓடின.

ஒரு நிரலகத்தின் வயிற்றிலிருந்து ஒரு வகுப்பை இப்படி அறுத்தெடுத்தால், அதை நம்பியிருக்கும் ஏதோ ஒரு வரியில் செயலி இடறி விழுவதுதான் இயல்பு. இங்கே அது விழாமல் நின்றதற்குக் காரணம், அந்த வகுப்பு ஒரு செருகுநிரலாக, அதாவது மையநிரலைத் தொடாமல் சேர்க்கக்கூடிய துணைநிரலாக, எழுதப்பட்டிருந்தது என்பதே. செயலி தொடங்கும்போது ஓர் ஏற்றி தானாகவே அதைக் கண்டறிந்து, தானாகவே ஏற்றியது. கிடைக்காவிட்டால் ஒரு குறிப்பை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனது. யாரும் கேட்காமலே அது இத்தனை சேவையகங்களின் நினைவகத்தில் போய் உட்கார்ந்ததற்கும் அதே காரணம்தான். லாக்4ஷெல் என்று பெயர் பெற்ற, பொதுவில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சிவிஇ-2021-44228 என்று எண்ணிடப்பட்டு 10க்கு 10 என்ற தீவிர மதிப்பைப் பெற்ற அந்தப் பாதுகாப்பு ஓட்டை பெரும்பாலும் தாக்குதலின் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. இந்த ஆய்வு அதைத் தானியங்கி ஏற்றியின் கதையாகப் படிக்கிறது. தம் திட்டத்துக்கு ஒரு செருகுநிரல் ஏற்றி எழுத உட்காரும் எந்த நிரலாளருக்கும் இதைவிட விரிவான பாடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏற்றியின் அமைப்பு

லாக்4ஜே முதல் தலைமுறையில், பதிவுகளைக் கோப்புக்கு அனுப்பவோ திரைக்கு அனுப்பவோ விரும்பியவர், அந்த வேலையைச் செய்யும் வகுப்பின் முழுப் பெயரை, தொகுப்புப் பெயர் உட்பட, உள்ளமைவுக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. நீளமான அந்தப் பெயர்கள் தட்டச்சுப் பிழைகளுக்கு வழிவிட்டன என்பது உண்மை. ஆனால் உள்ளமைவைப் படிக்கும் எவருக்கும் எந்தெந்த வகுப்புகள் அழைக்கப்படுகின்றன என்பது கண்முன் தெரிந்தது, எழுதப்படாதது ஏறவில்லை.

2014 ஜூலையில் 2.0 ஆக நிலைபெற்ற இரண்டாம் தலைமுறை இந்த முறையை அடியோடு மாற்றியது. பதிவை ஓரிடத்துக்கு அனுப்பும் பகுதி, அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் பகுதி, வடிகட்டி, வடிவச் சரத்தில் சதவீதக் குறியோடு வரும் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் கொடுக்கும் மாற்றி என எல்லாமே செருகுநிரல்கள் ஆயின. ஒரு வகுப்பின் தலையில் 'பிளகின்' என்ற குறிப்புரையை இட்டு, அதற்கு ஒரு சிறு பெயரும் ஒரு வகைப்பெயரும் கொடுத்தால் போதும். தொகுக்கும் நேரத்திலேயே ஒரு செயலாக்கி இந்தக் குறிப்புரைகளையெல்லாம் திரட்டி, லாக்4ஜே2பிளகின்ஸ் என்ற பெயருள்ள இருமக் கோப்பு ஒன்றில் பட்டியலாக எழுதி ஜார் கோப்புக்குள் வைத்துவிடும். வகைப்பெயர், செருகுநிரலின் பெயர், வகுப்பின் முழுப் பெயர் ஆகியவையே அந்தப் பட்டியலின் சாரம்.

இயங்கத் தொடங்கும்போது ஏற்றி முதலில் வகுப்புப் பாதையில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) உள்ள எல்லா ஜார் கோப்புகளிலும் இந்தப் பட்டியலைத் தேடுகிறது. ஜாவாச் செயலியைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் ஓஎஸ்ஜிஐ சூழலாக இருந்தால் செயலில் உள்ள ஒவ்வொரு பொதியிலும் தேடுகிறது. அதன்பின், ஓர் அமைப்புப் பண்பில் குறிக்கப்பட்ட தொகுப்புகள், நிரலிலிருந்தே சேர்க்கப்பட்ட தொகுப்புகள், உள்ளமைவுக் கோப்பில் எழுதப்பட்ட தொகுப்புகள் என்ற வரிசையில் போகிறது. ஒரே பெயரில் இரண்டு செருகுநிரல்கள் அகப்பட்டால், இந்த வரிசையில் முன்னால் வருவது வெல்லும். பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படுவதில்லை.

இந்த வடிவமைப்பில் பாராட்ட வேண்டியது நிறைய உண்டு. பட்டியல் தொகுப்பு நேரத்திலேயே தயாராகிவிடுவதால், தொடக்கத்தில் ஒவ்வொரு வகுப்பையும் திறந்து குறிப்புரை இருக்கிறதா என்று பார்க்கும் செலவு இல்லை. இன்னும் முக்கியமாக, என்னென்ன இருக்கின்றன என்பதை எதையும் இயக்காமலே அறிய முடிகிறது. பைத்தானில் ஓர் அடைவைச் சுற்றிவந்து அதிலுள்ள கோப்புகளை வரிசையாக இறக்குமதி செய்யும் எளிய ஏற்றியை எழுதியவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். அங்கே ஒரு கூறை இறக்குமதி செய்வதே அதன் மேல்மட்ட நிரல்வரிகளை இயக்குவதாகும். 'இது நமக்கு வேண்டிய செருகுநிரல்தானா' என்று சோதிக்கும் வரிக்கு வருவதற்குள் அந்தச் செருகுநிரல் தான் செய்ய நினைத்ததைச் செய்து முடித்திருக்கும். லாக்4ஜே ஏற்றிக்கு அந்தக் குறை இல்லை. கண்டறிதலுக்கும் இயக்குதலுக்கும் நடுவே நின்று கேள்வி கேட்க அதற்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை என்பதே இந்த நிகழ்வின் மையம்.

2013இல் வந்த ஒரு சிறு வசதி

செருகுநிரல் வகைகளில் ஒன்று லுக்கப். உள்ளமைவுக் கோப்பில் டாலர் குறியும் சுருள் அடைப்பும் இட்டு, உள்ளே ஒரு முன்னொட்டும் முக்காற்புள்ளியும் ஒரு திறவுச்சொல்லும் எழுதினால், அந்த இடத்தில் உரிய மதிப்பு வந்து நிற்கும். சூழல் மாறியின் மதிப்பு, ஜாவாவின் பதிப்பெண், இன்றைய தேதி, நடப்பு இழையில் வைக்கப்பட்ட பயனர் அடையாளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு உண்டு. ஒவ்வொரு முன்னொட்டும் ஒரு செருகுநிரலின் பெயர்.

2013 ஜூலையில், பயனர் சமூகத்திலிருந்து ஒருவர் ஜேஎன்டிஐ என்ற முன்னொட்டைச் சேர்க்கும் நிரலை அனுப்பினார்; அது ஏற்கப்பட்டு 2.0-பீட்டா9 பதிப்பில் இடம்பெற்றது. ஜேஎன்டிஐ என்பது ஜாவாவின் பெயரிடல் மற்றும் அடைவு இடைமுகம். ஒரே செயலிச் சேவையகத்தில் பல வலைச் செயலிகள் ஓடும்போது, ஒவ்வொன்றும் தன் பெயரைச் சேவையகத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்துப் பதிவில் இட்டுக்கொள்ள இது உதவியது. பெருநிறுவனச் சூழல்களில் இப்படி ஒரு தேவை உண்மையாகவே இருந்தது. அனுப்பியவரையோ ஏற்றவர்களையோ நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சிறு வகுப்பில் ஒரு விவரத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். தரப்பட்ட பெயரில் முக்காற்புள்ளி இல்லையென்றால், அது அந்தச் செயலிச் சேவையகத்துக்கு உள்ளேயே தேடும் விதத்தில் ஒரு முன்தொடரைச் சேர்த்துக்கொள்ளும். முக்காற்புள்ளி இருந்தால், பெயரை அப்படியே ஜேஎன்டிஐயிடம் ஒப்படைத்துவிடும். உள்ளூர்த் தேடலுக்காகப் பிறந்த வசதி, அந்த ஒற்றைக் குறியைக் கண்டதும் வெளியுலகத்தை நோக்கித் திரும்பியது.

அந்த வகுப்பு லாக்4ஜே-கோர் ஜாரிலேயே சேர்க்கப்பட்டது. ஏற்றியோ உள்ளமைவு உருவாகும்போதே பட்டியலிலுள்ள ஒவ்வொரு லுக்கப் செருகுநிரலுக்கும் ஒரு பொருளை உருவாக்கி, முன்னொட்டுக்கும் பொருளுக்குமான அட்டவணையில் வைத்துவிடும். உள்ளமைவுக் கோப்பு அந்த முன்னொட்டைப் பயன்படுத்துகிறதா என்று அது பார்ப்பதில்லை. செயலிச் சேவையகமே இல்லாத ஒரு சிறு கட்டளைவரிக் கருவியும், பதிவு எழுதுவதற்காக லாக்4ஜேயைச் சேர்த்த அந்தக் கணமே, ஜேஎன்டிஐயோடு பேசும் ஓர் உறுப்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. தேவைப்பட்டவர்கள் மிகச் சிலர், பெற்றவர்கள் எல்லோரும்.

மூன்று ஏற்றிகள், ஒரே சரம்

லாக்4ஷெல்லை விளக்கும்போது ஜேஎன்டிஐயை ஒரு கருப்புப் பெட்டியாக விட்டுவிடுவது வழக்கம். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பதும் ஒரு தானியங்கிச் செருகுநிரல் ஏற்றிதான் என்பது தெரியும். அதற்குள்ளே இன்னொன்றும் இருக்கிறது.

ஜேஎன்டிஐயிடம் ஒரு முகவரி வந்தால், முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள நெறிமுறைப் பெயரை அது எடுத்துக்கொள்கிறது. அடைவுச் சேவையகங்களோடு பேசும் நெறிமுறையான எல்டேப் என்று இருந்தால், தனக்குத் தெரிந்த ஒரு தொகுப்புப் பெயரின் பின்னால் எல்டேப் என்பதைச் சேர்த்து, வகுப்புப் பெயரின் தொடக்கத்திலும் எல்டேப் என்பதை வைத்து, இறுதியில் ஒரு மாறாத விகுதியை ஒட்டி, அப்படிப் பிறந்த பெயரில் ஒரு வகுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் ஏற்றி இயக்குகிறது. தொலைவிலுள்ள ஜாவாப் பொருளை அழைக்கும் ஆர்எம்ஐ என்று வந்தால் அதே விதியின்படி வேறொரு வகுப்பு. பெயரிடல் மரபே இங்கே பதிவுப் பட்டியலாக நிற்கிறது. புதிய நெறிமுறைக்கு ஆதரவு சேர்க்க விரும்புவோர், மரபுப்படி பெயரிட்ட ஒரு வகுப்பை வகுப்புப் பாதையில் வைத்து, அதன் தொகுப்புப் பெயரை ஓர் அமைப்புப் பண்பில் குறித்தால் போதும். ஓர் அடைவில் போட்ட கோப்பு, தன் பெயரின் வடிவத்தாலேயே செருகுநிரலாகிவிடும் சிறு திட்டங்களின் ஏற்றிகளுக்கும் இதற்கும் கொள்கையளவில் வேறுபாடு இல்லை.

மூன்றாவது ஏற்றி எல்டேப் பதிலுக்குள் இருக்கிறது. ஜாவாப் பொருள்களை எல்டேப் அடைவில் சேமிக்கும் முறையை 1999இல் வெளியான ஆர்எஃப்சி 2713 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்தது. அதன்படி, ஓர் அடைவுப் பதிவு பொருளையே வரிசைப்படுத்திய வடிவில், அதாவது பைட்டுகளின் தொடராக மாற்றி, தரலாம். அல்லது 'இந்தப் பெயருள்ள தொழிற்சாலை வகுப்பைக் கொண்டு பொருளை உருவாக்கிக்கொள், அந்த வகுப்பின் நிரல் இந்த இணைய முகவரியில் கிடைக்கும்' என்று சுட்டிவிடலாம். இரண்டாவது வழியில், கேட்டவர் பக்கத்து ஜாவா இயந்திரம் அந்த முகவரிக்குப் போய், வகுப்பை இறக்கி, ஏற்றி, இயக்கும். வகுப்புப் பாதை என்ற எல்லையும் இங்கே கடந்தாகிவிட்டது. வலைப்பின்னலின் மறுகோடியில் இருப்பதுகூடச் செருகுநிரலாகத் தகுதி பெறுகிறது.

இப்போது மூன்றையும் அடுக்கிப் பார்க்கலாம். டாலர் குறியும் சுருள் அடைப்பும் இட்டு, ஜேஎன்டிஐ, முக்காற்புள்ளி, எல்டேப், முக்காற்புள்ளி, இரட்டைச் சாய்கோடு, ஒரு சேவையகத்தின் பெயர் என்று எழுதிய ஒற்றைச் சரத்தில், முதல் சொல் லாக்4ஜேயின் செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் சொல் ஜேஎன்டிஐயின் செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கிறது. மூன்றாம் சொல் எந்த இயந்திரத்திடமிருந்து அடுத்த வகுப்பைப் பெறுவது என்பதைத் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு ஏற்றியும் தனக்குத் தரப்பட்ட பெயரை நம்பி, தன் வேலையைப் பிழையில்லாமல் செய்து, மிச்சத்தை அடுத்த ஏற்றியிடம் கொடுக்கிறது. நினைவகத்தை மீறி எழுதும் பிழையோ, எல்லையைத் தவறாகக் கணக்கிட்ட பிழையோ இந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குழுக்கள், தத்தம் அளவில் நியாயமாகச் செய்த வசதிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.

2018 அக்டோபரில் வெளியான ஜாவா 8 மேம்படுத்தல் 191, மூன்றாவது ஏற்றியின் தொலைமுகவரிப் பழக்கத்தை எல்டேப் வழியிலும் இயல்புநிலையில் நிறுத்தியது. அதனால் புதிய ஜாவாவில் இயங்குவோர் பாதுகாப்பாக இருப்பதாக 2021 டிசம்பரின் முதல் சில நாள்களில் ஒரு நம்பிக்கை பரவியது, அது நிலைக்கவில்லை. தொலைவிலிருந்து வகுப்பை இறக்க முடியாதென்றால், ஏற்கெனவே வகுப்புப் பாதையில் இருக்கும் ஒரு தொழிற்சாலை வகுப்பின் பெயரைச் சொல்லலாம். டாம்கேட் என்ற ஜாவா வலைச் சேவையகத்தோடு வரும் பீன்ஃபேக்டரி என்ற வகுப்பு அதற்கு வாகாக இருந்தது. வரிசைப்படுத்திய பொருளையும் நேரடியாக அனுப்பலாம். அதாவது ஏற்றி தொடர்ந்து வெளியிலிருந்து வந்த பெயருக்கே கீழ்ப்படிந்துகொண்டிருந்தது. பெயர் சுட்டும் பொருளின் இருப்பிடம் மட்டும் மாறியது.

ஜேஎன்டிஐக்குள் நம்பத்தகாத பெயர் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 2016இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்களால் விரிவாகக் காட்டப்பட்ட விஷயம். அந்த அறிவுக்கும், பதிவு எழுதும் ஒரு நிரலகத்துக்கும் நடுவே யாரும் கோடு இழுக்காமல் இன்னும் 5 ஆண்டுகள் கழிந்தன. பதிவு நிரலகம் ஜேஎன்டிஐயைத் தொடுகிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. தானாக ஏறியது கண்ணில் படாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பெயர் எங்கிருந்து வந்தது

இவ்வளவும் உள்ளமைவுக் கோப்போடு நின்றிருந்தால், கோப்பை எழுதும் உரிமை உள்ளவர் மட்டுமே பெயர் சொல்ல முடியும்; ஆபத்து சிறியதாக இருந்திருக்கும். ஆனால் பதிவின் செய்தியை வடிவமைக்கும் மாற்றியும் அதே பதிலீட்டு முறையைப் பயன்படுத்தியது. செய்தி முழுவதும் உருவான பின், அதில் டாலர் குறியும் சுருள் அடைப்பும் அடுத்தடுத்து வருகின்றனவா என்று எழுத்தெழுத்தாகத் தேடி, வந்தால் லுக்கப் அட்டவணையிடம் கொடுத்தது. செய்தியில் என்ன இருக்கும்? உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளச் சரம், தோல்வியடைந்த உள்நுழைவின் பயனர்பெயர், தேடல் பெட்டியில் தட்டியது, விளையாட்டுச் சேவையகத்தின் அரட்டை வரி. மைன்கிராஃப்ட் சேவையகங்களில் அரட்டையில் எழுதப்பட்ட ஒற்றை வரி போதுமானதாக இருந்தது.

இந்தத் தேடலை நிறுத்தும் வழிகள் முன்பே இருந்தன. 2.7 பதிப்பிலிருந்து வடிவச் சரத்தில் ஒரு தேர்வாகவும், 2.10 பதிப்பிலிருந்து ஓர் அமைப்புப் பண்பாகவும் அவை கிடைத்தன. இரண்டுமே இயல்புநிலையில் அணைந்திருந்தன. இப்படி ஒரு தேடல் நடப்பதே தெரியாதவர் அதை நிறுத்தும் விசையைத் தேடிப் போக மாட்டார்.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவ்ஜுன் அப்பாச்சிக்கு இதைத் தெரிவித்தார். டிசம்பர் 9 அன்று விஷயம் வெளியே வந்தது.

திருத்தங்களின் வரிசை

நான்கு வாரங்களுக்குள் நான்கு பதிப்புகள் வெளியாயின. அவற்றை வரிசையாகப் படிப்பது, ஒரு தானியங்கி ஏற்றியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு குழு கடும் நெருக்கடியில் விடை தேடியதைப் பார்ப்பதாகும்.

முதலில் வந்த 2.15.0 தரவின் பாதையை வெட்டியது. செய்திக்குள் லுக்கப் தேடுவது இயல்புநிலையில் நிறுத்தப்பட்டது. ஜேஎன்டிஐ போகக்கூடிய சேவையகங்களுக்கும் வகுப்புகளுக்கும் அனுமதிப் பட்டியல் வைக்கப்பட்டது. சில நாள்களிலேயே சிவிஇ-2021-45046 பதிவானது. வடிவச் சரத்திலேயே இழைச் சூழல் லுக்கப்பை எழுதி, அதில் பயனர் தந்த மதிப்பை வைத்திருந்தவர்களுக்கு, அந்த மதிப்புக்குள் இருந்த லுக்கப்பும் விரிந்தது. செய்தி என்ற ஒரு கதவு மூடப்பட்டாலும், அதே அட்டவணைக்குப் போகும் இன்னொரு கதவு திறந்தே இருந்தது. தொடக்கத்தில் சிறியதாக மதிப்பிடப்பட்ட இந்த ஓட்டையின் தீவிர மதிப்பு பிறகு 9.0 ஆக உயர்த்தப்பட்டது. செய்தித் தேடலை மட்டும் நிறுத்தும் பழைய அமைப்புப் பண்பும் போதாது என்று அறிவிக்கப்பட்டது.

டிசம்பர் 13 அன்று வந்த 2.16.0 வேறிடத்தில் வெட்டியது. செய்தி லுக்கப் என்ற வசதியே அகற்றப்பட்டது. ஜேஎன்டிஐ முழுவதும் இயல்புநிலையில் அணைக்கப்பட்டு, வேண்டுவோர் ஒரு பண்பை வெளிப்படையாக எழுதினால்தான் இயங்கும் என்றானது. 2.17.0 அந்த ஒற்றைப் பண்பை லுக்கப், ஜேஎம்எஸ் என்ற ஜாவாச் செய்திச் சேவை, சூழல் தேர்வி என்று மூன்றாகப் பிரித்தது. எல்டேப் ஆதரவை எடுத்துவிட்டு ஜாவா நெறிமுறையை மட்டும் விட்டுவைத்தது. லுக்கப் தன்னையே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுழன்ற வேறொரு குறையும் அதில் சரிசெய்யப்பட்டது. 2.17.1, உள்ளமைவுக் கோப்பை மாற்ற முடிந்த ஒருவர் தரவுத்தள இணைப்பின் வழியாக ஜேஎன்டிஐயைத் தொடும் வழியை அடைத்தது.

இவற்றில் என் கவனத்தை நிறுத்துவது, திருத்தத்துக்குப் பிந்தைய ஏற்றியின் உள்ளே இருக்கும் ஒரு நிபந்தனை. எல்லா லுக்கப் செருகுநிரல்களையும் வரிசையாக எடுத்துப் பொருளாக்கி அட்டவணையில் வைக்கும் அதே சுழற்சிக்குள், 'இந்த வகுப்பின் பெயர் ஜேஎன்டிஐ-லுக்கப் ஆக இருந்தால், உரிய பண்பு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்' என்று ஒரு வரி சேர்ந்தது. செருகுநிரல்கள் எவை என்பதைத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லாதபடி எழுதப்பட்ட ஏற்றிக்குள், ஒரு செருகுநிரலின் முழுப் பெயர் சரமாக வந்து உட்கார்ந்துவிட்டது. நெருக்கடியில் அது சரியான முடிவு. ஆனால் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய பொதுவான கேள்வி, 'கண்டறிந்ததை இயக்க யாராவது சொன்னார்களா' என்ற கேள்வி, ஒரே ஒரு செருகுநிரலுக்கு மட்டும் தாமதமாகக் கேட்கப்பட்டதன் தடயமாக அந்த வரி இருக்கிறது.

பட்டியல் கோப்பும் பெருஜாரும்

தானாக ஏறுவதில் இன்னொரு வகைத் துன்பமும் உண்டு. அது பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்பில்லாதது என்றாலும், லாக்4ஜேயோடு அன்றாடம் பழகியவர்கள் இதைத்தான் முதலில் சந்தித்திருப்பார்கள். செயலியையும் அதன் சார்பு நிரலகங்களையும் ஒரே பெரிய ஜாராகத் திரட்டும்போது, ஒரே பாதையில் ஒரே பெயரோடு இருக்கும் கோப்புகள் மோதுகின்றன. லாக்4ஜே-கோருக்கு ஒரு செருகுநிரல் பட்டியல் உண்டு. ஸ்பிரிங் பூட் போன்ற நிரலகங்களுக்குள்ளும் அதே பெயரில் ஒரு பட்டியல் உண்டு. திரட்டும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டால், செயலி தொகுப்பாகிறது, தொடங்குகிறது, ஆனால் சதவீதக் குறியோடு வந்த எழுத்துகள் எதுவும் தனக்குத் தெரியாது என்று புகார் செய்கிறது. பதிவுக் கோப்பில் செய்திகளுக்குப் பதிலாக வடிவச் சரமே வரிக்கு வரி அச்சாகிறது. நிரலாளரின் கணினியில் தனித்தனி ஜார்களோடு ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும் என்பதால், இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் போய்விடுவது உண்டு. பட்டியல்களை இணைத்து எழுதும் உருமாற்றியைத் திரட்டும் கருவியில் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

அதே பெருஜார்கள் 2021 டிசம்பரில் தேடுதலையும் கடினமாக்கின. லாக்4ஜே என்ற பெயரில் கோப்பைத் தேடியவர்களுக்கு, வேறொரு ஜாருக்குள் ஜாராகவோ, வகுப்புகளாகப் பிரித்துப் போடப்பட்டோ, தொகுப்புப் பெயர் மாற்றப்பட்டோ இருந்த பிரதிகள் அகப்படவில்லை. கூகுள் நிறுவனத்தின் திறமூல ஆய்வுக் குழு அம்மாதம் வெளியிட்ட கணக்கின்படி, ஜாவா நிரலகங்கள் வெளியிடப்படும் மேவன் மையக் களஞ்சியத்தில் 17,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள், ஏறத்தாழ 4 சதவீதம், பாதிக்கப்பட்ட லாக்4ஜே-கோரைச் சார்ந்திருந்தன. பெரும்பாலானவற்றில் அந்தச் சார்பு நேரடியானதாக இல்லாமல் பல படிகள் கீழே இருந்தது. நாம் சேர்த்த நிரலகம் சேர்த்துக்கொண்ட நிரலகத்தின் பட்டியல் கோப்பும் வகுப்புப் பாதையில்தான் இருக்கும். ஏற்றியின் கண்ணுக்கு எல்லாம் ஒன்று.

ஏற்றி எழுதுவோருக்கு

இதைப் படித்துவிட்டுத் தானியங்கி ஏற்றமே வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அவசரமாகும். சோதனைக் கருவியோ, கோப்பு மாற்றியோ, உரை திருத்தியோ எழுதுபவர், தம் மையநிரலைத் தொடாமல் பிறர் புதிய திறன்களைச் சேர்க்க வேண்டும் என்று விரும்புவது மிக நல்ல விருப்பம். வேண்டியதெல்லாம், கண்டறிதல், இயக்க அனுமதித்தல், அழைத்தல் ஆகிய மூன்றையும் நிரலில் மூன்று தனி இடங்களாக வைப்பதுதான். லாக்4ஜேயில் முதலிரண்டும் ஒன்றாகக் கரைந்திருந்தன. மூன்றாவதற்கு உரிய பெயர் வெளியார் கையில் இருந்தது.

பைத்தானின் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி இதற்கு ஓர் ஒப்புநோக்கு. சூழலில் நிறுவப்பட்ட எந்தத் தொகுப்பும் தன் விவரக் கோப்பில் உரிய நுழைவுப் புள்ளியை அறிவித்திருந்தால், பைடெஸ்ட் அதைத் தானாக ஏற்றுகிறது. ஆனால் ஒரே ஒரு சூழல் மாறியை வைத்தால் அந்தப் பழக்கம் முழுவதும் நிற்கிறது. அதன்பின் எந்தச் செருகுநிரல் வேண்டுமோ அதன் பெயரைக் கட்டளைவரியில் எழுத வேண்டும். லினக்ஸ் கருவகத்திலும் இதே இழுபறி நெடுநாளாக உண்டு. ஒரு சாதாரணப் பயனர் அரிதான வலைப்பின்னல் நெறிமுறையில் ஓர் இணைமுனையைத் திறக்கக் கேட்டாலே, கருவகம் அதற்குரிய கூறைத் தேடி ஏற்றிக்கொள்ளும். 2010இல் ஆர்டிஎஸ் என்ற அப்படிப்பட்ட ஒரு கூறில் இருந்த பிழை, அதைப் பயன்படுத்தவே நினைக்காத கணினிகளிலும் மீயுரிமை (கணினியின் முழுக் கட்டுப்பாடு) பெற வழி கொடுத்தது. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான உபுண்டு, அரிய நெறிமுறைகள் தானாக ஏறுவதைத் தடுக்கும் பட்டியல் ஒன்றைத் தன் உள்ளமைவிலேயே வைத்திருக்கிறது.

நடைமுறையில், என் பரிந்துரை எளியது. கண்டறிந்த செருகுநிரல்களின் பெயர், எந்தக் கோப்பிலிருந்து வந்தது, எந்தப் பதிப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும். டிசம்பர் 10ஆம் தேதி காலையில் அந்த வரி இருந்திருந்தால் எத்தனை பேர் தம் நிலையை நிமிடங்களில் அறிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெயர்கள் மோதினால் வரிசையை நம்பி ஒன்றை மௌனமாகத் தேர்ந்தெடுக்காமல், மோதலைச் சொல்லி நிற்க வேண்டும். வலைப்பின்னலைத் தொடுவது, வேறு நிரலை இயக்குவது போன்ற ஆற்றல் உடைய செருகுநிரல், தன்னை அறிவிக்கும் இடத்திலேயே அதையும் அறிவிக்கும்படி கேட்க வேண்டும்; அப்படிப்பட்டது உள்ளமைவில் பெயர் எழுதப்படாமல் இயங்கக் கூடாது. பயனர் தந்த சரம் எந்த நிலையிலும் செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கும் திறவுகோலாக ஆகக் கூடாது. ஒரு செருகுநிரல் கிடைக்காவிட்டால் மற்றவை ஓட வேண்டும் என்ற பொறுமையை மட்டும் லாக்4ஜேயிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஜேஎன்டிஐ இல்லாத ஆண்ட்ராய்டு போன்ற சூழல்களையும் கருதி எழுதப்பட்ட அந்தப் பொறுமைதான், ஒரு வகுப்பை நீக்கி ஊரைக் காக்கும் வழியைத் திறந்துவைத்தது.

2022 ஜூலையில், அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு மீளாய்வு வாரியம் தன் முதல் அறிக்கையாக லாக்4ஷெல்லை ஆராய்ந்து, பாதிக்கப்பட்ட பிரதிகள் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ அமைப்புகளில் தங்கியிருக்கும் என்று கணித்தது. லாக்4ஜேயின் மூன்றாம் தலைமுறைக்கான மேம்பாட்டில், ஜேஎன்டிஐ தொடர்பான வகுப்புகள் கோர் ஜாரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஜார் ஆகியிருக்கின்றன. அங்கே அந்த லுக்கப் வேண்டுமென்றால், திட்டத்தின் சார்புப் பட்டியலில் அதன் பெயரை ஒருவர் தம் கையால் எழுதியாக வேண்டும்.